அலுவலகக் கதவுக்கு பயோமெட்ரிக்: மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

ஒரு அலுவலகத்தில் வேலை தொடங்கும்போது நான் முதலில் கேட்பது சாவிக் கொத்தைத்தான். மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நகல், அந்த நகல்கள் இப்போது யார் யாரிடம் இருக்கின்றன என்று கேட்பேன். முதல் இரண்டு கேள்விக்கு எப்படியோ பதில் வந்துவிடும். மூன்றாவதில் தடுமாறுவார்கள். "ஒருத்தர் வேலைய விட்டுப் போனாரே, அவர்கிட்ட ஒண்ணு இருந்துச்சு, திருப்பிக் குடுத்தாரான்னு தெரியல" என்பார்கள். பன்னிரண்டு வருடமாகக் கதவுகளுக்கு பயோமெட்ரிக், அதாவது விரல்ரேகையையோ முகத்தையோ பார்த்துத் திறக்கும் மெஷின், பொருத்துகிறேன். மூன்றாவது கேள்விக்கு முழுப் பதில் சொன்ன அலுவலகத்தை இன்னும் பார்க்கவில்லை.

பயோமெட்ரிக்கின் பயன் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சாவி கைமாறும், கார்டும் கைமாறும். ஒருவர் கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் பக்கத்து இருக்கைக்காரர் தன்னுடையதைக் கொடுப்பார். நல்ல மனதோடுதான் கொடுப்பார், ஆனால் அன்றைய பதிவில் உள்ளே போனவர் பெயர் வேறாகிவிடும். பழைய 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு என்றால் நகலெடுக்க ஒரு கையடக்கக் கருவியும் சில நொடிகளும் போதும். விரலை அப்படி இரவல் கொடுக்க முடியாது. ஆள் வேலையை விட்டுப் போனால் பூட்டை மாற்ற வேண்டாம், சாவி கேட்டு அலைய வேண்டாம். பட்டியலிலிருந்து பெயரை எடுத்த நிமிடமே கதவு அவருக்குத் திறக்காது. ஏதாவது காணாமல் போனால், அந்த அறைக்குள் யார் எப்போது போனார் என்று பார்க்க ஒரு வரி இருக்கும்.

இதெல்லாம் உண்மையான பயன்தான். ஆனால் மெஷினை வாங்கி மாட்டியதும் தானாக வந்துவிடாது. "மெஷின் சரியில்ல" என்று என்னைக் கூப்பிடும் இடங்களில் பெரும்பாலும் மெஷின் நன்றாகவே இருக்கும். மாட்டிய விதத்திலோ, விரலைப் பதிந்த விதத்திலோ கோளாறு இருக்கும். அதனால் அந்த இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்தக் கதவுக்கு வைப்பது

எல்லாக் கதவுக்கும் வேண்டாம். ஒரு தாளில் அலுவலகத்தைக் கோட்டுப் படமாக வரைந்து, "இந்த அறைக்குள் தெரியாத ஒருவர் பத்து நிமிடம் தனியாக இருந்தால் என்ன போகும்?" என்று ஒவ்வொரு அறைக்கும் கேட்டுப் பாருங்கள். சர்வர் அறை, பணம் வைக்கும் அறை, ஊழியர் கோப்புகள் இருக்கும் அறை, ஸ்டோர் என்று நாலைந்து இடம் தேறும். அங்கெல்லாம் வையுங்கள்.

முன்வாசல் வேறு விஷயம். காலையில் இருநூறு பேர் ஒரே நேரத்தில் வருகிறார்கள், ஆளுக்கு மூன்று நொடி என்றால் பத்து நிமிட வரிசை. அந்த வரிசையில் முன்னால் போகிறவர் திறந்த கதவைப் பின்னால் வருகிறவர் பிடித்துக்கொள்வார், அவருக்குப் பின்னால் இன்னொருவர் நுழைவார். விரல் வைத்தது ஒருவர், உள்ளே போனது நாலு பேர். இப்படி நடக்கும் கதவில் எவ்வளவு நல்ல மெஷின் வைத்தும் பிரயோசனம் இல்லை. முன்வாசலுக்கு ஒருவர் ஒருவராக விடும் சுழல் தடுப்பு வையுங்கள். இல்லாவிட்டால் காவலாளி பார்வையில் கார்டே போதும் என்பது என் கருத்து.

விரலா, முகமா என்று கேட்பார்கள். எண்ணெய், தூசி, சிமென்ட், ரசாயனம் புழங்கும் இடத்திலும் கையுறை போடும் வேலையிலும் முகம் நல்லது. மெஷினுக்கு எதிரே நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவரும் வெயிலும் இருந்தால் முகம் திணறும், அங்கே விரல் வையுங்கள். உருவம் ஒத்த இரட்டையருக்கும் விரல்ரேகை வேறுவேறாக இருக்கும். முகத்தில் மெஷின் குழம்பலாம். கருவிழி இந்த இரண்டையும்விடத் துல்லியமானது, ஆனால் சாதாரண அலுவலகத்துக்கு அந்த அளவு தேவைப்படாது.

மெஷின் எப்படி ஆளை அறிகிறது

மெஷினுக்குள் விரலின் போட்டோ இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி வைப்பதில்லை. ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று புள்ளி புள்ளியாகக் குறித்து எண்களாக வைத்துக்கொள்ளும். 1892இல் பிரான்சிஸ் கால்ட்டன் விளக்கிய அதே புள்ளிகள்தான். இந்த எண் தொகுப்பைத்தான் டெம்ப்ளேட் என்கிறோம். மறுநாள் விரல் வைக்கும்போது புதிதாகப் புள்ளிகளை எடுத்து, பழையதோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடும். குறித்த அளவைத் தாண்டினால் கதவு திறக்கும்.

அந்த அளவை நாம் மாற்றலாம். கூட்டினால் மெஷின் கண்டிப்பாகிவிடும், உரியவரையே சில தடவை திருப்பி அனுப்பும். குறைத்தால் எல்லோருக்கும் சுலபமாகத் திறக்கும், தவறான ஆளுக்கும் திறக்க வாய்ப்பு கூடும். "விரல் எடுக்க மாட்டேங்குது" என்று புகார் வந்ததும் அளவைக் குறைத்துவிட்டுப் போகிற டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விரலை ஒரு டெம்ப்ளேட்டோடு ஒப்பிடும்போது லட்சத்தில் ஒரு தடவை தவறும் மெஷின் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 500 டெம்ப்ளேட் இருந்தால் ஒருவர் விரல் வைக்கும் ஒவ்வொரு தடவையும் 500 ஒப்பீடு நடக்கும். அப்படியானால் சம்பந்தமே இல்லாத ஒருவர் விரல் வைத்தாலும் ஏறக்குறைய இருநூறில் ஒரு தடவை யாரோ ஒருவர் பெயரில் திறந்துவிடும். அதனால் முக்கியமான அறைகளில் முதலில் ஊழியர் எண்ணை அழுத்தி அல்லது கார்டைக் காட்டி, பிறகு விரல் வைக்கும்படி அமைத்துவிடுங்கள். அந்த ஒருவருடைய டெம்ப்ளேட்டோடு மட்டும்தான் ஒப்பிடும், அந்த லட்சத்தில் ஒன்று அப்படியே நிற்கும்.

போலி விரலைப் பற்றியும் கேட்பார்கள். 2002இல் ஜப்பானில் மட்சுமோட்டோவும் அவருடைய குழுவினரும் ஜெலட்டினில் விரல் செய்து, அப்போது விற்பனையில் இருந்த 11 மெஷின்களில் வைத்துக் காட்டினார்கள். அத்தனையும் ஏமாந்தன. இப்போது வரும் நல்ல மெஷின்களில் வைத்தது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் வசதி உண்டு. விற்பவரிடம், போலியைக் கண்டுபிடிக்கிறதா என்று சோதிக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 30107 முறைப்படி சோதித்த சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு மெஷினைப் பாருங்கள்.

சுவரில் மாட்டும்போது

கூப்பிட்ட இடங்களில் நான் முதலில் பார்ப்பது, பூட்டைத் திறக்கும் கம்பி எங்கே போகிறது என்பதை. மலிவான ஏற்பாட்டில் பூட்டு, உள்ளிருந்து வெளியே வர அழுத்தும் எக்சிட் பட்டன் இரண்டின் கம்பியும் நேராக வெளிச்சுவரில் இருக்கும் மெஷினின் முதுகுக்கே வந்து சேரும். ஒரு நிறுவனத்தில் அதன் உரிமையாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு காட்டினேன். மெஷினின் அடியில் ஒரே ஒரு திருகு. கழற்றி மேலே தூக்கினால் கையோடு வந்துவிட்டது. பின்னால் தொங்கிய கம்பிகளில் எக்சிட் பட்டனுடைய இரண்டு முனையை ஒன்றோடொன்று தொட்டேன். 'டக்' என்று பூட்டு விட்டது. எந்த விரலும் தேவைப்படவில்லை. அவர் ஒன்றுமே பேசாமல் கதவை இழுத்து மூடிவிட்டு, "இன்னொரு தடவ செய்யுங்க" என்றார். செய்து காட்டினேன்.

அதனால் வெளியே ரேகை படிக்கும் ரீடர் மட்டும் இருக்கட்டும். பூட்டை இயக்கும் கன்ட்ரோலர் கதவுக்கு உட்பக்கம், பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் போகும் தகவலும் முக்கியம். வீகாண்ட் என்ற பழைய முறையில் அது மறைகுறி (பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது) எதுவும் இல்லாமல் திறந்தபடியே போகும், கம்பியில் ஒரு சின்னப் பலகையைச் செருகி ஒட்டுக் கேட்க முடியும். ஓஎஸ்டிபி என்ற புதிய முறையில் பாதுகாப்பு வழியை இயக்கிவிட்டால் ஏஇஎஸ் 128 என்ற மறைகுறி கொண்டு பூட்டிப் போகும். வாங்கும்போதே ஓஎஸ்டிபி உள்ளதாகக் கேளுங்கள், மாட்டும்போது அந்த வசதியை இயக்கிவிட்டார்களா என்றும் பாருங்கள். மெஷினைச் சுவரிலிருந்து பெயர்த்தால் அலாரம் அடிக்கும் சுவிட்சையும் அப்படியே இணைத்துவிடச் சொல்லுங்கள். பல இடங்களில் அந்தக் கம்பி இணைக்காமலே கிடக்கும்.

அப்புறம் காந்தப் பூட்டு, மின்சாரம் இருக்கும்வரை கதவை இழுத்துப் பிடித்திருக்கும் பூட்டு. எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று 280 கிலோ, 545 கிலோ என எழுதியிருக்கும். கதவில் பொருத்தும் இரும்புத் தகட்டை முழுதாக முறுக்கிவிடக் கூடாது. நடுத் திருகில் ஒரு ரப்பர் வளையம் கொடுத்திருப்பார்கள், தகடு லேசாக ஆட வேண்டும் என்பதற்காக. ஆடினால்தான் காந்தத்தின் முகத்தோடு சமமாகப் படியும். அவசரத்தில் இறுக்கிவிட்டால் ஒரு ஓரம் மட்டும் ஒட்டும், 280 கிலோ என்று எழுதிய பூட்டு தோளால் ஒரு இடி இடித்தால் விட்டுவிடும். பொருத்தி முடிந்ததும் தகட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தால் சரி.

இதைவிட முக்கியமான ஒன்று, உள்ளே இருப்பவர் வெளியே போக எதுவும் கேட்கக் கூடாது. கரண்ட் போனாலும், மெஷின் செத்தாலும், மென்பொருள் நின்றாலும் ஆள் வெளியே வந்தாக வேண்டும். எக்சிட் பட்டன் கன்ட்ரோலருக்குச் செய்தி மட்டும் அனுப்பினால் போதாது, காந்தப் பூட்டின் மின்சாரத்தை நேரடியாகவே துண்டிக்க வேண்டும். பக்கத்தில், அழுத்தினால் பூட்டின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பச்சை நிற அவசரப் பெட்டி ஒன்றும் வேண்டும். தீ அலாரம் அடித்தால் பூட்டு தானாக விட வேண்டும், அந்த இணைப்பை விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். கூடவே ஒரு உணரி, கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்க. அது இல்லாவிட்டால் கதவுக்குக் கீழே நாற்காலியை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்தாலும் கன்ட்ரோலருக்குத் தெரியாது.

விரலைப் பதிவது

இதைத்தான் எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள். நூறு பேரை வரிசையில் நிறுத்தி, ஆளுக்குப் பத்து நொடியில் முடித்துவிடுவார்கள். பிறகு வருடக்கணக்கில் புகார் வரும்.

ஒரு அலுவலகத்தில் வேறு ஏதோ வேலைக்காக விடியற்காலையில் போயிருந்தேன். துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். அவர் விரலை மெஷின் எடுக்காதாம். ஆறரைக்கே வந்துவிடுவார், எட்டு மணிக்கு யாராவது வந்து திறக்கும்வரை அந்தப் படியில்தான் இருப்பாராம். பதிவில் அவர் வந்த நேரம் எட்டு. பல மாதமாக இப்படியே நடந்திருக்கிறது. சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள்.

கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். பிளீச்சிங் தண்ணீரும் தேய்ப்பும் சேர்ந்து வலது கை விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாலும் கோடுகள் நூல் நூலாகத்தான் தெரிந்தன, நடுவில் வெடிப்பு வேறு. அதே ஆட்காட்டி விரலைத்தான் பதிந்து வைத்திருந்தார்கள். இடது கையைத் திருப்பினேன். மோதிர விரலில் சுழி தெளிவாக, முழுதாக இருந்தது. அதிகம் உழைக்காத விரல் அல்லவா! கையைக் கழுவித் துடைக்கச் சொல்லி, துளி கிரீம் தடவி, ஈரப்பதம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிட்டு, நாலு தடவை எடுத்தேன். மறுபடி வைத்ததும் முதல் தடவையே பச்சை விளக்கு எரிந்தது. அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த வெரல யாரும் கேக்கவே இல்ல தம்பி" என்றார்.

அன்றிலிருந்து நான் பதிவு செய்யும் முறை இது. ஆளை உட்கார வைத்து, பத்து விரலையும் பார்ப்பேன். தெளிவாக இருக்கும் விரலாகத் தேர்ந்தெடுத்து, இரண்டு கையிலும் குறைந்தது ஒவ்வொன்று பதிவேன். ஒரு கையில் வெட்டுக்காயம் பட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான். விரல் நுனியை மட்டும் குத்தி வைக்காமல், நகத்தின் அடிப்பகுதிக்கு நேர் கீழே உள்ள சதை கண்ணாடியின் நடுவில் படும்படி தட்டையாக வைக்கச் சொல்வேன். சுழியின் மையம் அங்கேதான் இருக்கிறது. மெஷின் தரத்துக்கு ஒரு எண் காட்டினால், குறைவான எண்ணை ஏற்றுக்கொள்ளாமல் மறுபடி எடுப்பேன். எழுந்து போகச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து வந்து வைக்கச் சொல்வேன். அப்போது திறந்தால்தான் பதிவு முடிந்தது. ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகும், ஆகட்டும்.

அப்படிச் செய்தும் எடுக்காத விரல்கள் உண்டு. வயதானவர்கள், செங்கல் சிமென்டில் வேலை செய்தவர்கள், தோல் நோய் உள்ளவர்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்சிடபின் என்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரேகை மங்கி மறைவதும் உண்டு. அவர்களிடம் காரணம் கேட்டு எல்லோர் முன்னாலும் நிற்க வைக்காதீர்கள். கார்டும் ரகசிய எண்ணும் கொடுத்துவிடுங்கள். அந்த மாற்று வழி முதல் நாளே தயாராக இருக்க வேண்டும்.

ஒரு சின்ன வசதியையும் சொல்லிவிடுகிறேன். பல மெஷின்களில் 'மிரட்டல் விரல்' என்று ஒன்றைத் தனியாகப் பதியலாம். யாராவது கத்தியைக் காட்டித் திறக்கச் சொன்னால் அந்த விரலை வைக்கலாம். கதவு வழக்கம்போலத் திறக்கும், ஆனால் காவல் அறைக்குச் சத்தமில்லாமல் அலாரம் போகும். பணம் வைக்கும் அறைக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ரேகை யாருடையது

கடவுச்சொல் திருடு போனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாது. அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் விரல்ரேகைப் பதிவுகள் களவு போனது 2015இல் வெளியே வந்தது. அவர்களுக்கு யாரும் புது விரல் கொடுக்க முடியாது.

அதனால் டெம்ப்ளேட்டை மறைகுறியில் வைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முடிந்தால் டெம்ப்ளேட் ஊழியரின் கார்டிலேயே இருக்கும் முறைக்குப் போங்கள், மொத்தமாகத் திருட ஒரே இடம் என்று ஒன்று இருக்காது. மெஷினோடு வரும் நிர்வாகக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். மெஷினை இணையத்தில் நேராகத் திறந்து வைக்காதீர்கள், அதற்கென்று தனி நெட்வொர்க் போதும். மாட்ட வந்தவரின் பென் டிரைவிலோ லேப்டாப்பிலோ உங்கள் ஆட்களின் ரேகைப் பதிவுகளின் நகல் இருக்கக் கூடாது. நான் கிளம்பும் முன்பு அவர்கள் முன்னாலேயே அழித்துவிட்டுக் காட்டுவேன், நீங்களும் அப்படிக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

ஊழியர்களிடம் எதற்கு எடுக்கிறோம், எங்கே வைக்கிறோம், வேலையை விட்டால் எத்தனை நாளில் அழிப்போம் என்று எழுதிக் கொடுத்துச் சம்மதம் வாங்குங்கள். ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், ஆளை அடையாளம் காண எடுக்கும் இந்தப் பதிவுகளைத் தனிக் கவனம் வேண்டிய தகவலாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008லிருந்தே எழுத்துமூலச் சம்மதம் கட்டாயம். உங்கள் நாட்டுச் சட்டம் எதுவோ அதை ஒருமுறை படித்துவிடுங்கள். 2024இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், 38 உடற்பயிற்சி, பொழுதுபோக்கு மையங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் முகத்தையும் விரலையும் வருகைப் பதிவுக்கு எடுத்ததை நிறுத்தச் சொன்னது. மாற்று வழி இருக்கிறது என்று ஊழியர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். நான் சொன்ன கார்டும் எண்ணும் சட்டத்துக்கும் உதவும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கடிகாரத்தைப் பாருங்கள்

ஒரு இடத்தில் ஸ்டோரிலிருந்து லேப்டாப் காணாமல் போனது. கேமராவில் மாலை 6.40க்கு ஒருவர் முதுகு தெரிகிறது, முகம் தெரியவில்லை. மெஷின் பதிவில் 6.38க்கு ஒரு இளைஞர் பெயர். அவரை இரண்டு நாளாக வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பதிவை எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். மெஷின் முன்னால் நின்று என் கைபேசியைப் பார்த்தேன். மெஷின் 47 நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. கேமரா சரியாக இருந்தது. அப்படியென்றால் அந்த இளைஞர் உண்மையில் உள்ளே போனது 7.25க்கு. கேமராவில் தெரிந்த 6.40, மெஷின் கணக்கில் 5.53. அந்த வரியில் வேறு பெயர் இருந்தது. ஒரு காகிதத்தில் இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அந்த இளைஞரை அன்றே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மெஷின், கேமரா, கணினி எல்லாம் ஒரே நேர சர்வரிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். அது முடியாத சின்ன மெஷின் என்றால் மாதம் ஒருமுறை கைபேசியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். அதே நாளில் பெயர்ப் பட்டியலையும் எடுத்து, சம்பளப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவர் பெயர் ஒன்றிரண்டு கட்டாயம் மிஞ்சியிருக்கும். ஒரே ஒருவரிடம் மட்டும் நிர்வாக உரிமை இருந்தால் இரண்டாவது ஆளுக்கும் கொடுங்கள். அவர் விடுப்பில் போன வாரம்தான் யாரையாவது நீக்க வேண்டி வரும்.

கடைசியாகப் பேட்டரி. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, பூட்டும் மெஷினும் சேர்ந்து ஒன்றரை ஆம்பியர் இழுத்தால், காகிதக் கணக்கில் நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம் தாங்கும். பழகிய பேட்டரி அவ்வளவு தாங்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, விடுமுறை நாளில், காவலாளியைக் கதவருகே நிறுத்திவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். எத்தனை மணிக்குப் பூட்டு விடுகிறது என்று குறியுங்கள். அந்த நேரத்தையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, கன்ட்ரோலர் பெட்டியின் கதவுக்கு உட்பக்கம் ஒட்டிவிட்டு, சுவிட்சைப் போடுங்கள்.